முதல் பாடத்தை மறந்த கணிப்பொறி

விசையை அழுத்துகிறோம். சிறு விளக்கு எரிகிறது. உள்ளே மின்விசிறி சுழலும் ஓசையும் கேட்கிறது. திரை மட்டும் துடைத்து வைத்த கரும்பலகை போல இருக்கிறது. கடையில் கொடுத்தால் மறுநாள் பதில் வருகிறது: "மதர்போர்டு போய்விட்டது. புதிது போட வேண்டும். இல்லாவிட்டால் வேறு மிஷின் வாங்கிக்கொள்ளுங்கள்."

கட்டுமாவடி போன்ற கடற்கரை ஊர்களில் இது எளிய செய்தி அன்று. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தின் வழியாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்த பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி கிடைத்து வந்தது. அக்காள் பெற்றதைத் தங்கையும், அவளுக்குப் பின் தம்பியும் வைத்துப் படிப்பது நம் வீடுகளின் வழக்கம். அது நின்று போவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக் காலமாக இருந்துவிட்டால், விசைப்படகை நம்பிய குடும்பத்தில் புதிய மதர்போர்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கல்லூரி விண்ணப்பங்கள் நிரப்ப வேண்டிய காலமும் அதுதான்.

மாணவியரே, பெற்றோரே, அந்தத் தீர்ப்பை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவே இக்கட்டுரை. செத்துப்போனதாகச் சொல்லப்படும் மதர்போர்டுகள் சிலவற்றில் எந்தப் பாகமும் எரிந்திருக்காது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லில் எழுதியிருந்த எழுத்து அழிந்திருக்கும், அவ்வளவுதான். அழிந்த எழுத்தை மீண்டும் எழுதலாம்.

அது என்ன எழுத்து? கணிப்பொறியின் மூளை எனப்படும் பிராசசர், மின்சாரம் வந்த அந்த நொடியில் ஒன்றும் அறியாதது. திரை எங்கே, விசைப்பலகை எங்கே, நம் பாடங்களைச் சேமித்து வைத்த தட்டு எங்கே என்று எதுவும் அதற்குத் தெரியாது. நினைவகமாகிய ராமும் அப்போது வெறுமையாக இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த சிறுமியின் கையில் ஒரே ஒரு முகவரிச் சீட்டு இருப்பது போல, பிராசசருக்கு ஒரே ஒரு முகவரி மட்டும் பிறவியிலேயே தெரியும். அங்கே போய் முதல் கட்டளையைப் படிக்கிறது. அந்தக் கட்டளை அடுத்ததைச் சொல்கிறது. ராமைத் தயார் செய், திரையை எழுப்பு, விசைப்பலகையைப் பார், தட்டிலிருந்து விண்டோஸையோ லினக்ஸையோ அழைத்து வா என்று பாடம் நீள்கிறது. இந்த முதல் பாடத்திற்குத்தான் பயாஸ் என்று பெயர். 'அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அமெரிக்கரான கேரி கில்டால் 1970களில் தம் சி.பி.எம். என்ற இயக்க முறைக்காக வைத்த பெயர், ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் தன் சிறு கணிப்பொறியை வெளியிட்டபோது உலகெங்கும் பரவியது. இப்போது வரும் பொறிகளில் இருப்பது யு.இ.எஃப்.ஐ. என்னும் புதுமுறை, ஆனாலும் கடைகளில் 'பயாஸ் சிப்' என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

மின்சாரம் போனாலும் அழியாத எழுத்தாக இந்தப் பாடம் இருக்க வேண்டும். அப்படி எழுதுவது எப்படி என்று அறிஞர்கள் பல காலம் முயன்றிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, வலை பின்னும் ஊர்க்காரர்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டியது. 1969 ஜூலையில் மனிதனை நிலவில் இறக்கிய அப்பல்லோ விண்கலத்தின் கணிப்பொறிக்கு நிரல் எழுதப்படவில்லை, நெய்யப்பட்டது! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்னும் ஊரிலுள்ள ரேதியான் நிறுவனத் தொழிற்சாலையில், பெண்கள் வரிசையாக அமர்ந்து மெல்லிய கம்பியைச் சிறு காந்த வளையங்களினூடே ஊசியால் கோத்தார்கள். கம்பி வளையத்தின் உள்ளே சென்றால் 1. வெளியே ஒதுங்கிச் சென்றால் 0. இப்படியே 36,864 சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் 16 இடங்கள். ஒரு வலைக் கண்ணை விட்டுவிட்டால் மீன் தப்பும். அங்கே ஒரு வளையத்தை விட்டுவிட்டால் கட்டளையே மாறிவிடும். நெய்து முடித்ததை அழித்து எழுத வழியில்லை என்பதால் அது மிகவும் நம்பகமானதாக இருந்தது.

பின்னர் 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்பவர் அழித்தெழுதக்கூடிய சில்லை உருவாக்கினார். அதன் முதுகில் சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கும். புற ஊதாக் கதிரில் பல நிமிடங்கள் காட்டினால் எழுத்து அழியும். சூரிய ஒளி பட்டு அழிந்துவிடக்கூடாதே என்று சன்னலின் மேல் காகிதம் ஒட்டி வைப்பார்கள். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா 1984இல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் சில்லுக்கு இந்தச் சன்னலும் தேவைப்படவில்லை; மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். புகைப்படக் கருவியின் மின்னல் ஒளியைப் போலக் கணத்தில் அழிவதால் அந்தப் பெயர். இன்று நம் மதர்போர்டுகளில் இருப்பது இவ்வகைச் சில்லே. வசதி பெருகியது, கூடவே ஆபத்தும் வந்தது. வீட்டிலிருந்தபடியே திருத்த முடிந்ததை வீட்டிலிருந்தபடியே கெடுக்கவும் முடியும் அல்லவா?

அதை உலகம் 1999 ஏப்ரல் 26ஆம் நாள், ஒரு திங்கட்கிழமை, கண்டது. தைவான் நாட்டில் டாட்டுங் பல்கலைக்கழக மாணவராக இருந்த சென் இங்-ஹாவ் என்பவர் முந்தைய ஆண்டு எழுதிவிட்ட வைரஸ் நிரல் ஒன்று அன்று விழித்துக்கொண்டது. அவர் பெயரின் முதலெழுத்துக்களால் சி.ஐ.எச். என்றும், செர்னோபில் அணு உலை விபத்து நடந்ததும் ஏப்ரல் 26ஆம் நாளே (1986) என்பதால் 'செர்னோபில் வைரஸ்' என்றும் அதை அழைத்தார்கள். விண்டோஸ் 95, 98 ஓடும் பொறிகளில் அது புகுந்திருந்தது. நிரலின் அளவு ஏறத்தாழ ஒரு கிலோபைட்டே. அது இரண்டு வேலை செய்தது: தட்டின் தொடக்கப் பகுதியைப் பூஜ்யங்களால் நிரப்பியது, பிறகு பயாஸ் சில்லின் மேல் குப்பையை எழுத முயன்றது. தென் கொரியா, துருக்கி, வங்காளதேசம், நம் இந்தியா என ஆசிய நாடுகளில் இழப்பு மிகுதி. திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்து விசையை அழுத்தியவர்கள் கறுப்புத் திரையைக் கண்டார்கள்.

அந்நாளில் பல மதர்போர்டுகளில் பயாஸ் சில்லு 32 கால்களோடு ஒரு சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தது. பல்லைப் பிடுங்குவது போலப் பிடுங்கி, வேறு இடத்தில் எழுதி, மீண்டும் செருகிவிடலாம். எழுதும் கருவி இல்லாத மெக்கானிக்குகள் துணிச்சலான ஒரு வழியைக் கையாண்டார்கள். அதே வகை நல்ல சில்லைக் கடன் வாங்கிச் செருகிக் கணிப்பொறியை எழுப்புவார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கிவிட்டுக் கெட்ட சில்லைச் செருகி, அதன் மேல் புதிதாக எழுதிவிடுவார்கள்! எழுந்த பின் பயாஸின் நகல் ராமில் இருப்பதால், சில்லைப் பிடுங்கினாலும் பொறி உடனே நிற்காது. கேட்க வியப்பாக இருக்கும். யாரும் செய்து பார்க்க வேண்டாம். சாக்கெட் இல்லாமல் பற்றவைத்த சில்லாக இருந்தால், முழுப் போர்டையும் மாற்றுவதே வழக்கமாக இருந்தது. இன்றைய மடிக்கணிப்பொறிகளில் சில்லு பெரும்பாலும் பற்றவைக்கப்பட்டே இருக்கிறது. இருந்தும் மாற்ற வேண்டியதில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வைரஸ் மட்டுமே பயாஸைக் கெடுப்பதில்லை. பயாஸைப் புதுப்பிக்கும் வேலை பாதியில் நிற்கும்போது மின்சாரம் போய்விட்டால் முதல் பாடம் பாதி எழுதிய பாடமாகிவிடும். 2012இல் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்த பின் நம் மாவட்டம் இருளில் கிடந்ததைச் சிறியவர்களும் மறக்கவில்லை. பேட்டரி செத்த மடிக்கணிப்பொறியில் பயாஸைப் புதுப்பிக்க முயல்வது கரையில்லாக் கிணற்றின் ஓரம் நடப்பதாகும். வேறு மாடலுக்குரிய கோப்பை எழுதிவிடுவது இன்னொரு காரணம். சில்லு முதுமையால் கெடுவது குறைவு. ஒரு லட்சம் முறை அழித்தெழுதலாம், எழுத்து 20 ஆண்டு நிற்கும் என்று இத்தகைய சில்லுகளின் தயாரிப்பாளர்கள் தம் குறிப்பேடுகளில் அச்சிடுகிறார்கள்.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அது உப்புக் காற்று. காற்றில் வரும் உப்புத் துகள் போர்டின் மேல் படிந்து, ஈரத்தை உறிஞ்சி, செம்புக் கோடுகளைப் பச்சையாகப் பூக்க வைக்கிறது. படகு இயந்திரத்தைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில்லின் ஒரு கால் அரித்துப் போயிருந்தாலும் பயாஸ் அழிந்ததைப் போன்ற அறிகுறியே தோன்றும். ஆகவே எழுதுகோலை எடுக்கும் முன் பலகையைத் துடைக்க வேண்டும். மின் இணைப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான தூரிகையால் துடைத்து நன்றாக உலர விடலாம். இந்த எளிய வேலையிலேயே உயிர் பெறும் பொறிகளும் உண்டு.

சரி, பயாஸ்தான் கெட்டது என்று எப்படி அறிவது? இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் வேறொரு திரையை இணைத்துப் பார்க்க வேண்டும். ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மீண்டும் பொருத்த வேண்டும். போர்டிலுள்ள காசு வடிவ 3 வோல்ட் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்க வேண்டும். இவை செலவில்லாதவை. அடுத்து ஓர் அழகான சோதனை. மேசைக் கணிப்பொறியாக இருந்து சிறு ஒலிபெருக்கியும் பொருத்தியிருந்தால், ராமை முழுவதும் கழற்றிவிட்டு விசையை அழுத்துங்கள். "பீப், பீப்" என்று அது முறையிட்டால் மகிழுங்கள். நினைவகம் இல்லை என்று குறை சொல்லத் தெரிகிறது என்றால் முதல் பாடத்தைப் படித்துவிட்டது என்று பொருள். பயாஸ் உயிரோடு இருக்கிறது. ராம் இல்லாதபோதும் வாய் திறக்காமல் இருந்தால் ஐயம் பயாஸின் மேல் திரும்பும். மடிக்கணிப்பொறி சிலவற்றில் ஒலிக்குப் பதில் விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விளக்கு இத்தனை முறை என்று கணக்காகச் சிமிட்டிக் குறையைச் சொல்லும்.

தயாரிப்பாளர்களும் அனுபவத்தில் சில வழிகளை வைத்திருக்கிறார்கள். எச்.பி. மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பொறியை இயக்கினால், ஒதுக்கி வைத்த நகலிலிருந்து அதுவே பயாஸைத் திருத்திக்கொள்ள முயலும். டெல் பொறிகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளைப் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். கிகாபைட் நிறுவனம் தன் மதர்போர்டுகள் சிலவற்றில் இரண்டு பயாஸ் சில்லுகளையே வைத்தது. ஒன்று வழுக்கினால் மற்றது தாங்கும். சிக்கனம் பார்க்காத இந்த யோசனையை எல்லா நிறுவனங்களும் பின்பற்றியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் சில்லைத் தொட வேண்டும். இந்த வேலை அரை மணி நேரத்தில் முடிவது. ஆனால் வரிசை பிசகக்கூடாது. சார்ஜர், பெரிய பேட்டரி, காசு பேட்டரி மூன்றையும் நீக்கிய பிறகு போர்டில் எட்டுக் கால் உள்ள சிறு சில்லைத் தேட வேண்டும். அதன் மேல் 25க்யூ64 என்பது போல அச்சிட்டிருக்கும். 64 என்பது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 8 மெகாபைட். மூலையிலுள்ள சிறு புள்ளி முதல் காலைக் காட்டுகிறது. நான்காம் கால் தரை இணைப்பு. எட்டாம் கால் மின்சாரம் வரும் வழி. பெரும்பாலான சில்லுகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. புதிய மடிக்கணிப்பொறிகள் சிலவற்றில் 1.8 வோல்ட் சில்லும் உண்டு. பெயரின் கடைசி எழுத்துக்களைப் பார்த்துத் தெளிய வேண்டும். அதிக வோல்ட் கொடுத்தால் நன்றாக இருந்த சில்லும் போய்விடும். சி.எச். 341 ஏ என்னும் எழுதும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் கறுப்பு நிற வகை சிலவற்றில் தகவல் கால்களில் 5 வோல்ட் வருவது தெரிந்த குறை. மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் இணைப்பது பேதைமை.

கருவியின் கிளிப்பைத் துணி உலர்த்தும் கிளிப்பைப் போலச் சில்லின் மேல் கவ்வ வைக்கலாம். பெரும்பாலும் பற்றவைப்பை உருக்க வேண்டியதில்லை. இதுதான் 1999இல் இல்லாத வசதி. கவ்வியதும் பலருக்கும் எழுதும் ஆசை வரும். கூடாது. முதலில் உள்ளதைப் படித்துச் சேமிக்க வேண்டும். இன்னொரு முறை படித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். நம் முன்னோர் ஏட்டுச் சுவடியைப் படியெடுத்துவிட்டு மூல ஏட்டோடு வைத்துச் சரிபார்த்த அதே வேலை இது. பழைய ஏடுகளில் எகர ஏகாரங்களுக்கு வேற்றுமை தெரியாமல் படிப்பவர் தடுமாறியதால் வீரமாமுனிவர் இரட்டைக் கொம்பு கொண்டுவந்தார் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அங்கே ஒரு புள்ளி. இங்கே ஒரு பிட். 8 மெகாபைட் சில்லின் கோப்பு மிகச் சரியாக 83,88,608 பைட் இருக்கும். ஒன்று குறைந்தாலும் ஏற்கக்கூடாது. படித்ததில் எங்கும் எஃப் எஃப் என்றே வந்தால், சில்லு வெறுமையாக இருக்கிறது, அல்லது கிளிப் சரியாகக் கவ்வவில்லை.

கெட்டுப்போன எழுத்தைச் சேமித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். அந்தப் பொறியின் வரிசை எண், வலைத்தொடர்பு எண், பல நேரங்களில் விண்டோஸ் உரிமக் குறியீடு ஆகியவை அதே சில்லில்தான் எழுதப்பட்டிருக்கும். வேறொரு பொறியின் கோப்பை அப்படியே எழுதினால் நம் பொறி எழும். ஆனால் பிறர் பெயரோடு எழும். கைதேர்ந்தவர்கள் பழைய கோப்பிலிருந்து இப்பகுதிகளை எடுத்துப் புதியதில் சேர்ப்பார்கள். நிறுவனம் தன் வலைத்தளத்தில் தரும் புதுப்பிப்புக் கோப்பு முழுச் சில்லின் நகல் ஆகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்; அதற்கு உறையும் வேறு பகுதிகளும் இருக்கும். அதே மதர்போர்டு, அதே பதிப்பு எண்ணுக்கு உரிய முழுக் கோப்பே வேண்டும். பிறகு அழித்து, எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். எழுத்து நிற்கவே இல்லை என்றால் மட்டும் சில்லு உண்மையில் செத்தது. அப்போது புதுச் சில்லில் முதலில் எழுதிவிட்டு, சூடான காற்றுக் கருவியால் பழையதை எடுத்துப் புதியதைப் பற்றவைப்பார்கள். இதைப் பழகிய கைதான் செய்ய வேண்டும். மாணவியர் செத்த போர்டுகளில் பழகலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பழுது பார்க்கும் கடைகள் இரண்டு வகை. ஒரு வகை பாகத்தை மாற்றும். மற்றொரு வகை பாகத்தைத் திருத்தும். பின்னதற்கு 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பெயர்ப் பலகை இருக்கும். பெரிய நகரங்களில் இத்தகைய கடைகள் உண்டு, சென்னை ரிச்சி தெருவில் நிறையவே உண்டு. "போர்டு போய்விட்டது" என்றவரிடம் சண்டை வேண்டாம். "எட்டாம் காலில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தீர்களா? பயாஸை எழுதிப் பார்த்தீர்களா?" என்று இரண்டு கேள்விகளை மட்டும் பணிவாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பாடங்களும் படங்களும் இருப்பது வேறு தட்டில். பயாஸ் போனதால் அவை போவதில்லை. ஆனால் புதிய விண்டோஸ் பொறிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்கினால், பயாஸை எழுதிய பின் மீட்புக் குறியீடு கேட்கும். அதை முன்னமே தாளில் குறித்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கைபேசிகளை ஒன்று சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். நிலவுக்குப் போன நிரலைக் கோத்தவையும் பெண்களின் கைகளே. பழுது பார்க்கும் மேசைக்குப் பின்னால் மட்டும் ஏன் அவர்களை அரிதாகவே காண்கிறோம்? வலிமை வேண்டாத வேலை இது. நல்ல கண், நடுங்காத விரல், கணக்குப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

நம் பள்ளியிலும் வீடுகளிலும் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொறிகளின் பயாஸை, அவற்றை எப்போதாவது சுத்தம் செய்யத் திறக்கும் நாளில், படித்து நகல் எடுத்துக் கொடுக்கும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம். ஒரு பென்டிரைவில் அப்படி எத்தனையோ பொறிகளின் முதல் பாடத்தை வைத்துக்கொள்ளலாம். கோப்பின் பெயரில் மதர்போர்டின் மாடல், பதிப்பு எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். பென்டிரைவை ஈரம் புகாத டப்பாவில் இட்டு மூட வேண்டும், உப்புக் காற்று அதையும் விடாது.